இத்தாவில் தெளிந்த முகம்

கமறியாவின் முகம் தெளிந்துவருவதை முதலில் கண்டுபிடித்தவள் அஸீஸாதான்.

காலைத் தேத்தண்ணியைக் கதிரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அறையின் ஒரே யன்னலில், இடுப்பில் கட்டிக் கழித்த பழைய சாரம் ஒன்று திரையாகத் தொங்கியது. அதன் ஓரத்தால் நுழைந்த வெளிச்சம் கமறியாவின் இடது கன்னத்தில் விழுந்திருந்தது. போன மாதம் சட்டியின் அடியைப் போலக் கறுத்து, பொருக்குத் தட்டிக் கிடந்த கன்னம். இப்போது பொருக்கும் இல்லை, கறுப்பும் இல்லை. கண்ணோரத்துச் சுருக்கங்கள்கூட யாரோ விரலால் நீவிவிட்டதுபோல அடங்கியிருந்தன.

"என்ன பூசுறாய்?"

"ஒண்டும் பூசல்ல மதினி."

"எனக்குக் கண் இருக்கு கமறியா. நீ இத்தாவில இருக்கிறாய். அத மறந்திராத."

கமறியா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அஸீஸா, கமறியாவின் இறந்துபோன கணவன் அத்தாஉல்லாவின் ராத்தா, மூத்த சகோதரி. கரைத்தீவுக் குடியிருப்பில் நாலு வீடு தள்ளி இருந்தவள். தம்பியின் ஜனாஸா போன அன்றே தன் வீட்டைப் பூட்டிவிட்டு, கமறியாவுக்குத் துணையாக வந்துவிட்டாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் இத்தா. கண்ணுக்குச் சுருமா இல்லை, அத்தர் இல்லை, பிற ஆண்கள் கண்ணில் படுவதில்லை. இந்தக் காவலில் அஸீஸா கண்டிப்பானவள். கெட்ட மனத்தால் அல்ல. தம்பிக்காகத் தன்னால் இனிச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த முகத்தைத் தெளிய வைத்தது எந்தக் கிறீமும் இல்லை. லேசர்.

*

அத்தாஉல்லாவுக்குத்தான் அந்த ஆசை வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில் அவர்களுக்குக் கலியாணம் நடந்த மாதமே முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர்கள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கலியாணப் படம் ஸ்டூடியோவில் இருந்தது. எடுக்கப் போக நேரமில்லை. கையில் ஒரு பையோடு கடல் கடந்து கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். சண்டை முடிந்த பிறகு அத்தாஉல்லா ஒருமுறை மன்னாருக்குப் போய்ப் பார்த்தான். ஸ்டூடியோ இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை இருந்தது.

"என்ட பொஞ்சாதிய அந்த ஸ்டூடியோக்காரன் வெச்சுக்கிட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கமறியா இத்தனை வருடமும் கடற்கரையில், கருவாட்டு வாடியில் வேலை செய்தாள். மீனைக் கீறி, உப்பிட்டு, வலைப்பாயில் பரப்பி, வெயில் ஏற ஏறப் புரட்டிப் போட வேண்டும். முகத்துக்கு எதைக் கட்டினாலும் மீனும் மணலும் வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். நாற்பத்து நாலு வயதில் அவளைப் பார்த்தவர்கள் அறுபது என்றார்கள். கன்னமெல்லாம் மங்கு. நெற்றியில் மீன் செதிலைப் போல ஒரு சொரசொரப்பு.

மகள் இனாஸ் புத்தளம் டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் லேசர் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்தது. வெயிலில் பழுதான தோலை ஒளியால் சுட்டு உரிக்கிறார்களாம். அடியில் இருந்து புதுத் தோல் வருமாம். இனாஸ் சும்மா கதையாகத்தான் சொன்னாள். அத்தாஉல்லா சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப ஸ்டூடியோக்காரன்ட்ட இருந்து உன்னத் திருப்பி எடுத்துக்கலாமே!"

"உங்களுக்கு விசரா? பேரப்புள்ள காணுற வயசில" என்றாள் கமறியா.

"பேரப்புள்ளைக்கி நான் எந்தப் படத்தக் காட்டுறது?"

ராத்தாவுக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் கேலி செய்வாள் என்று, "பல்லுப் புடுங்கப் போறம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஒரு காலையில் கமறியாவை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனான்.

டொக்டர் சாருமதி, முன்னேஸ்வரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறவர். கமறியாவின் முகத்தைக் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, எங்கட நிறத் தோலுக்கு மெதுவாத்தான் செய்ய வேணும். ஒரே தரத்தில மாறிவிடாது. செய்யிறது பெரிய காரியமில்லை, செய்த பிறகுதான் காரியம் இருக்கு. கறுத்து, பொருக்குக் கட்டி உரியும். பிறகு சில மாசத்துக்கு வெயில் படக் கூடாது. பட்டால் முந்தினதைவிட மோசமாகும். நீங்கள் கருவாடு காயவைக்கிற ஆள். ஏலுமா?"

கமறியா வாயைத் திறப்பதற்குள் அத்தாஉல்லா சொன்னான்: "ஏலும் டொக்டர். கருவாட்ட நான் காயப் போடுறன். நீங்க படத்த மட்டும் கழுவித் தாங்க."

டொக்டருக்கு விளங்கவில்லை. கதவருகே நின்ற இனாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கண்களை உலோக மூடிகளால் மறைத்தார்கள். சூடான மணல் முகத்தில் தெறிப்பதுபோல இருந்தது. தன் தோல் தீயும் வாடையைத் தானே முகர்ந்தாள். திரைக்கு வெளியே அத்தாஉல்லா யாருக்கோ மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டுக்கு வரும்போது முகம் வீங்கியிருந்தது. அதனால் பல் கதை நன்றாகவே எடுபட்டது. "எந்தக் கடைப்பல்லுடி இப்பிடி வீங்கிச்சு?" என்று அஸீஸா கஞ்சி காய்ச்சிக்கூடக் கொண்டுவந்தாள். அடுத்தடுத்த நாட்களில் முகம் கறுத்தபோது, "போட்ட மருந்து ஒத்துக்கொள்ளல்ல" என்று அத்தாஉல்லாவே இன்னொரு பொய்யைச் சேர்த்துவிட்டான். கதவை மூடிவிட்டு மனைவியைப் பார்த்து, "இப்ப நீயும் கருவாடுதான். புரட்டிப் போடட்டா?" என்றான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதிகாலையில் கடலுக்குப் போய் வந்த உடம்போடு, பகல் முழுக்க வாடியில் நின்று மீனைப் புரட்டினான். அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், உச்சி வெயிலில், வலைப்பாய்களுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கறுத்து வெடித்த முகத்தோடு கமறியா இத்தாவில் உட்கார்ந்தாள்.

*

வெயில் படாத அறை. வெளியே போகக் கூடாத மாதங்கள். டொக்டர் கேட்டதும் அதுதான். எந்தக் கருவாட்டுக்காரிக்கும் வாய்க்காத நிழலை இத்தா அவளுக்குக் கொடுத்தது. பொருக்கு தானாக உதிர்ந்தது. காலையில் தொழுது எழும்பும்போது பாயில் கறுப்புத் தூள் கிடக்கும். கமறியா அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் முதலில் அழுதார்கள். பிறகு வந்தவர்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள். பின்னர் பார்க்க மட்டும் வந்தார்கள்.

"புருசன் மவுத்தானா முகம் வாடும். இவளுக்குப் பூக்குதே" என்று அடுத்த வீட்டு ஜெஸீமா முற்றத்தில் செருப்பைத் தேடும்போது சொன்னாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. அறைக்குள் கமறியாவுக்கும் கேட்டது. குசினியில் இருந்த அஸீஸாவுக்கும் கேட்டது.

அன்று மாலையே அஸீஸா கமறியாவின் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு டியூப் கிடைத்தது. டொக்டர் கொடுத்த வெயில் கிறீம். இனாஸ் கொண்டுவந்து வைத்தது. கமறியா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"இது என்ன?"

"அது மருந்து மாமி" என்று வேலை முடிந்து வந்த இனாஸ் குறுக்கே வந்தாள். "உம்மாக்கு அலர்ஜி தானே. மவ்லவியிட்டயும் கேட்டன், மருந்தெண்டா பரவாயில்லயாம்."

அஸீஸா மூடியைத் திருகி மூக்கருகே பிடித்தாள். "மருந்து இப்பிடி மணக்குமா? மவ்லவி இத மணந்து பாத்தாரா?"

"மாமி, நீங்க தெரியாமக் கதைக்கிறீங்க. உம்மா..."

"இனாஸ்!" கமறியாவின் குரல் அதட்டியது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அஸீஸா டியூபைக் குப்பைக் கூடைக்குள் எறிந்தாள்.  "நான் இத்தா இருந்தது அகதி முகாமில. கிடுகுக் கொட்டில். கூரை முழுக்க ஓட்ட. வெயில் என்ட மடியில வந்து உக்காரும். ஒரு சீல, ஒரு வாளி. என்ட மனுசனுக்காக நான் கறுத்தன். அதப் பாத்து ஊரு சொல்லிச்சு, இவளுக்குத் துக்கம் இருக்கெண்டு. என்ட தம்பிக்கி அது கிடைக்கக் கூடாதா?"

அவள் போன பிறகு இனாஸ் அழுதாள். "சொல்லிருவம் உம்மா. வாப்பாதான் ஆசப்பட்டாரெண்டு சொல்லிருவம்."

"என்னெண்டு சொல்றது? மவுத்தானவரு உங்களுக்குச் சொன்ன கடைசிக் கத பொய்யெண்டா? என்னக் குமர்ப்புள்ளயா பாக்க ஆசப்பட்டாரெண்டு அழ வந்தவளுகள்ட்ட சொல்றதா? வேணாம் புள்ள. அது அவருக்கும் எனக்கும் உள்ளது."

மகளிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. கருவாட்டைத் தான் காயப் போடாததால்தான் அவன் அந்த வெயிலில் நின்றான். இந்தத் தோல் தெளிவதற்காக அவன் கரிந்தான். ஒவ்வொரு காலையிலும் முகம் கழுவும்போது உள்ளங்கையில் தட்டுப்படும் அந்த மிருதுவான கன்னத்தை அவளால் தாங்க முடியவில்லை. அது வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் கடைசியாகப் பார்த்தது கறுத்து வெடித்த முகத்தை. இதை அவன் பார்க்கவேயில்லை.

பார்க்க வேண்டியவன் பார்க்காததை ஜெஸீமா பார்க்கிறாள்.

*

குசினிக்குப் பின்னால் மதில் கட்டிய சிறு முற்றம். இத்தாவில் இருப்பவள் அங்கே போகத் தடையில்லை. அஸீஸா உச்சிவேளை ளுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயரும் நேரம். கமறியா மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முந்தானையைப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதுத் தோல் உடனே எரிந்தது. கண்களை மூடிக்கொண்டாள். மீனுக்கும் ஒரு பக்கம் காய்ந்த பிறகுதான் மறுபக்கம். முதலில் வலது கன்னத்தை வெயிலுக்குத் திருப்பினாள்.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அன்று காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்ட சத்தத்தில் அஸீஸா விழித்துவிட்டாள். அறை வெறுமையாகக் கிடந்தது. பின்பக்கம் வந்தவள், பெட்டியின் மேல் அசையாமல் இருந்த உருவத்தைப் பார்த்தாள். வலது கன்னம் செக்கச் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்களோடு இருந்தது.

"யா அல்லாஹ்! என்னடி செய்றாய்?"

"நீங்க சொன்னதுதான் மதினி." கமறியா கண்ணைத் திறக்கவில்லை. "அவருக்குக் கிடைக்க வேண்டியத குடுக்கிறன்."

அஸீஸா அவளைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாளித் தண்ணீரில் துணியை நனைத்து, கன்னத்தில் வைத்தாள். கை பட்டதும் கமறியாவின் உடம்பு துள்ளியது. இத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே எல்லாம் வெளியே வந்தது. லேசர், த்ரீவீல், பல்லுப் பொய், டொக்டரிடம் படம் கழுவித் தரச் சொன்னது, கருவாட்டை நான் காயப் போடுறன் என்றது.

"நான்தான் மதினி அவர வெயில்ல நிப்பாட்டினது. இந்த மூஞ்சிக்காக."

அஸீஸா துணி சூடானதும் எடுத்து, திரும்ப நனைத்து, திரும்ப வைத்தாள்.

"வெயில் ஆளக் கொல்லுமெண்டா" என்றாள் கடைசியில், "இந்தக் கரையில ஒருத்தரும் மிச்சமிருக்க மாட்டம். அவன்ட நெஞ்சு நோவு எனக்குத் தெரியும். முகாமில இருக்கக்குள்ளயே இருந்திச்சு. உன்னட்டச் சொல்ல வேணாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினான்." சற்று நிறுத்தினாள். "உன்ன மறைச்சு என்னட்ட ஒண்டு. என்ன மறைச்சு உன்னட்ட ஒண்டு. களவாளிப் பய."

சிரிக்கப் போனவள்போல வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பல்லுக் கதைய நானும் நம்பி, கஞ்சி வேற காய்ச்சினன்."

"அந்தக் கஞ்சிய அவருதான் குடிச்சாரு" என்றாள் கமறியா.

அஸீஸா எழுந்து போய் யன்னல் சாரத்தைக் கொஞ்சம் விலக்கினாள். நேர் வெயில் படாத அளவுக்கு மட்டும். பிறகு கமறியாவின் நாடியைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உனக்குக் கலியாணத்தண்டு சுருமா எழுதினது ஆரு?"

"நீங்கதான்."

"பூ வெச்சது?"

"நீங்க."

"அப்ப அந்தப் படம் ஸ்டூடியோக்காரன்ட்ட மட்டும் இல்ல." அஸீஸாவின் விரல், மை வைக்கும் பெண்ணின் விரலைப் போல, நெற்றியில் இருந்து மெதுவாக இறங்கியது. "நெத்தி அதேதான். இந்தக் கண்ணோரம் அதேதான். இந்தக் கன்னம்... ஓம். இப்பிடித்தான் இருந்தாய். வலப்பக்கத்தத்தான் நீ கரிச்சுப் போட்டாய், மடச்சி."

"அவரு பாக்கல்லயே மதினி."

"நான் பாக்கிறன்" என்றாள் அஸீஸா. கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

இனாஸ் ஓடி வந்தாள். தொலைபேசியில் டொக்டர் சாருமதி திட்டினார், பிறகு மருந்து சொன்னார். கொப்புளங்கள் ஆறின. ஆனால் வலது கன்னத்தில் ஒரு கறுப்புத் திட்டு நின்றுவிட்டது. போகலாம், போகாமலும் விடலாம், காலம் எடுக்கும் என்றார் டொக்டர். அஸீஸா குப்பைக் கூடையில் எறிந்த டியூபுக்குப் பதிலாக வாசனை இல்லாத ஒன்றைத் தேடி வாங்கிவரச் சொன்னாள். மூடியைத் திருகி மணந்து பார்த்துவிட்டு, தானே கமறியாவின் மடியில் வைத்தாள். யன்னலில் இரண்டாவது சாரம் ஒன்றும் ஏறியது.

இத்தா முடிந்த காலையில் கமறியா குளித்து, தொழுது, அறையில் இருந்தாள். துஆ ஓதுவதற்குப் பெண்கள் வந்திருந்தார்கள். நார்சா இனிப்பும் வாழைப்பழமும் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. கமறியா கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் சலாம் சொன்னாள். ஒரு பக்கம் கறுத்தும் மறு பக்கம் தெளிந்தும் இருந்த அந்த முகத்தில் இருந்து எவளும் கண்ணை எடுக்கவில்லை. கமறியா தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் அறைக்குள் போய்விட்டாள்.

ஜெஸீமாவுக்குப் பொறுக்கவில்லை. அஸீஸாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ராத்தா, கேக்கிறனெண்டு குறையா நினைக்காதீங்க. அவ என்னதான் பூசினா?"

அறைக்குள் கமறியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

அஸீஸா அவசரப்படவில்லை. வாழைப்பழத்தின் தோலை உரித்து முடித்தாள்.

"பூசல்ல. பல்லுப் புடுங்கினா."

"பல்லா?"

"ஓம். என்ட தம்பிதான் கூட்டிக்கிட்டுப் போனான். கடைப்பல்லு. வேரோட எடுத்தா முகம் இப்பிடித்தான் தெளியுமாம். உனக்கும் வேணுமெண்டா சொல்லு. நீ கதைக்கிற கதைக்கி எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டி வரும்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி இருமினாள். பிறகு மொத்தக் கூடமும் முந்தானைக்குள் குலுங்கியது.

கதவுக்குப் பின்னால் கமறியா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். அவன் போன பிறகு முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே போகாமல் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களில் ஈரம் பட்டது. இடது கன்னத்தில் வழுக்கி ஓடியது, வலது கன்னத்தின் சொரசொரப்பில் மெதுவாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை.